அவுரு செடி

மேசை மேல் ஐம்பது செடிகள் இருக்கும். வேரோடு பிடுங்கி, மண் உதறி, ஈரச் சாக்கில் சுற்றிக் காலையிலேயே கொண்டுவந்து வைத்தவை. சுற்றி முப்பது பெண்கள் நிற்பார்கள். அக்கா ஒவ்வொரு செடியாக எடுத்து, முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பேர் சொல்லிக்கொண்டே வருவார்.

"இது குப்பமேனி. சொல்லுங்க."

"குப்பமேனி."

"இது துத்தி. எலயத் தடவிப் பாருங்க, பூனக் காது மாதிரி இருக்கும். சொல்லுங்க."

"துத்தி."

"இது நாயுருவி. நம்ம வூட்டு ஓரமாவே கெடக்கும். பொடவையில ஒட்டிக்கினு கூடவே வந்துடும். சொல்லுங்க."

"நாயுருவி."

இப்படியே வந்துகொண்டிருந்து, நடுவில் ஒரு செடியைத் தூக்குவார். சின்னச் சின்ன இலை, ஊதாப் பூ, கொள்ளு மாதிரி தட்டையான காய். அதைத் தூக்கியதும் வாய் நின்றுவிடும். ஒரு நொடி செடியையே பார்ப்பார். பிறகு குரல் இறங்கிவிடும்.

"இது அவுரு செடி."

பழைய ஆட்கள் சிரிப்பார்கள். புதிதாக வந்தவர்கள் பாடம் ஒப்பிக்கிற வேகத்தில் "அவுரு செடி" என்று சொல்லிவிடுவார்கள். அக்கா பதறிப்போவார்.

"நீங்க சொல்லாதீங்கடி. அவுரு எனக்கு மட்டுந்தான் அவுரு."

அந்தச் செடி கொளுஞ்சி. எங்கள் பக்கத்து வாயில் கொளஞ்சி. நடவுக்கு முன்னால் வயலில் போட்டு மிதிக்கிற தழை. வேரை இடித்துக் கஷாயம் வைத்து வயிற்று வலிக்குக் கொடுப்பார்கள். விருத்தாசலம் பக்கத்துச் சாமி ஒருவருக்கும் அதே பேர் என்பதால் எங்கள் ஜில்லாவில் தெருவுக்கு இரண்டு கொளஞ்சி இருப்பார்கள். அக்காவின் வீட்டுக்காரரும் ஒரு கொளஞ்சி. புருஷன் பேரைப் பெண்டாட்டி வாயால் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று அவர்கள் ஊரில் நம்பிக்கை. 'அவர்' என்பதை நாங்கள் 'அவுரு' என்போம். அதனால் அவர் பேர் கொண்ட செடி, அவுரு செடி.

நான் அங்கே போய்ச் சேர்ந்தது 2007இல். சுனாமிக்குப் பிறகு கடலூரில் தொடங்கிய ஒரு சின்னத் தொண்டு நிறுவனம் அது. வருஷத்துக்கு மூன்று தடவை பெண்களுக்கு மூலிகை டிரெய்னிங் நடத்துவார்கள். தைப் பொங்கல் முடிந்து ஒன்று, ஆடியில் ஒன்று, கார்த்திகை மழை விட்ட பிறகு ஒன்று. ஒரு தடவை கடலூரில் என்றால் அடுத்த தடவை சிதம்பரத்தில். செடிகளை அடையாளம் காண்பது, தைலம் காய்ச்சுவது, கற்றாழையை அடித்து நார் எடுப்பது, இலையை ஊறவைத்துத் துணிக்குச் சாயம் ஏற்றுவது, எல்லாவற்றையும் கையால் செய்தே படிக்க வேண்டும். அக்காதான் முக்கியமான பயிற்சியாளர். அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். குறிஞ்சிப்பாடிப் பக்கத்துக் கிராமம். எட்டாவது வரை படித்தவர். நான் தாவரவியல் பட்டம் முடித்த கையோடு வந்தவன். செடி சேகரிப்பதும், ஒவ்வொரு செடிக்கும் பெயர்ச் சீட்டு எழுதுவதும் என் வேலை. அப்பாவும் அம்மாவும் பெண்ணாடம் பக்கம் கரும்பு வெட்டப் போகிறவர்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் நான்தான். அந்தப் பெருமை எனக்கு அப்போது கொஞ்சம் ஜாஸ்தியாகவே இருந்தது. அதை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது.

வேடிக்கை என்னவென்றால், பேர் விஷயத்தில் அக்காவைப் போலக் கண்டிப்பான ஆளை நான் பார்த்ததில்லை. "பேரச் சொல்லிட்டுத் தொடு" என்பார். பேர் தெரியாத இலையை யாராவது கிள்ளி மோந்து பார்த்தால் கையில் ஒரு தட்டு விழும்.

"யாருன்னே தெரியாத ஆள வூட்டுக்குள்ள வுடுவியா நீ? எலயும் அப்படித்தான். மொதல்ல பேரக் கேளு."

ஒருமுறை பிச்சாவரம் பக்கத்திலிருந்து மீனவப் பெண்கள் நான்கு பேர் வந்திருந்தார்கள். தில்லை மரத்துக் கிளையைக் காட்டி, இதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து என்று அக்கா சொல்ல ஆரம்பித்தார். அவர்களில் ஒருத்தி, "யக்கா, அந்த மரத்துல படகு கட்டிக்கினுதான் நாங்க சோறே திங்கறோம். எங்களுக்கா சொல்ற?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். வேறு ஆளாயிருந்தால் முகம் சுருங்கியிருக்கும். அக்கா கிளையை அவள் கையில் கொடுத்துவிட்டுக் கீழே உட்கார்ந்துகொண்டார். "அப்ப நீ சொல்லு, நான் கேக்கறேன்." அந்தப் பெண் சதுப்பு நிலத்துச் செடிகள் ஒன்பதுக்குப் பேர் சொன்னாள். அக்கா ஒன்பதையும் திருப்பிச் சொன்னார். அன்று மதியம் சாப்பிடும்போதும் உதடு அசைந்துகொண்டே இருந்தது.

எல்லாப் பேரும் வேண்டும் அவருக்கு. ஒரே ஒரு பேரைத் தவிர.

அந்தப் பேருக்குச் சொந்தக்காரரும் டிரெய்னிங்குக்கு வருவார். கரும்பு டிராக்டர் ஓட்டுகிறவர். வேலை இல்லாத நாட்களில் அக்காவைத் தன் டிவிஎஸ் ஃபிஃப்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிவிட்டு, வெளியே புங்க மரத்தடியில் பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அக்கா அவரை மாமா என்றுதான் கூப்பிடுவார். உள்ளே செடி மேசை நடக்கும்போது ஜன்னலுக்கு வந்து நிற்பார்.

"என்னா, எஞ்செடி வந்துதா?"

"தோ, வந்துட்டாருடி ஆபீசரு" என்று பெண்கள் கூவுவார்கள். "அண்ணே, ஒங்க பேரு என்னாண்ணே? அக்கா சொல்ல மாட்டேங்குது."

"நானும் கல்யாணம் ஆன நாளா கேக்கறேன், ஒரு தடவ பேரச் சொல்லிக் கூப்புடுன்னு. என்னமோ வைரத்தோடு கேட்ட மாதிரி மொறைக்கறா."

"மாமா, போய் ஒக்காரு அந்தப் பக்கம்" என்பார் அக்கா. முகம் சிவந்து போயிருக்கும்.

ஆனித் தேருக்குச் சிதம்பரம் போன கதையை அவர்தான் ஜன்னல் வழியாக எங்களுக்குச் சொன்னார். கூட்டத்தில் அக்கா பின்தங்கிவிட்டார். இவர் வேண்டுமென்றே ஒரு பொரிக்கடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். இன்றைக்கு வேறு வழியில்லை, பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டாக வேண்டும் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றாராம். அக்கா "மாமா" என்று கத்தியதும் பத்துப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். அதற்கு மேல் கத்தவில்லை. நேரே மைக் வைத்திருந்த பந்தலுக்குப் போனார். அங்கிருந்தவர் பேர் கேட்டார். கொஞ்ச நேரத்தில் தேரடி முழுக்க ஒலிபெருக்கி அலறியது: நீலச் சட்டை போட்ட, டிராக்டர் ஓட்டுகிற, இடது புருவத்தில் தழும்பு உள்ள மாமா எங்கிருந்தாலும் பந்தலுக்கு வரவும்.

"ஊரே சிரிக்குது" என்றார் அவர். "நான் தழும்பக் கையால மூடிக்கினு போய் நின்னேன்."

2008 ஆடியில் நான் ஒரு தப்பு செய்தேன். அந்த முறை முதல் வேலை அவுரிச் சாயம். அவுரி இலையை முதல் நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, மறுநாள் சுண்ணாம்புத் தண்ணீர் சேர்த்து அடித்தால் நுரை நீலமாக மாறும். அந்த நீலத்தைத்தான் துணிக்கு ஏற்றுவார்கள். இலை பறித்து ஊறப்போடுகிற பொறுப்பு என்னுடையது. அக்கா பஸ்ஸில் வந்துகொண்டே போன் செய்தார். டவர் சரியில்லை. இரைச்சலுக்கு நடுவே, "ஏரிக்கரையில அவுரு செடி நெறையா கெடக்கும் தம்பி..." என்பது வரை கேட்டது. பிறகு கொரகொரப்பு. பிறகு "...பறிச்சி..." என்று ஏதோ. நான் அவுரி என்று எடுத்துக்கொண்டேன். ஆபீஸ் டிரைவரைக் கூட்டிக்கொண்டு போய் இரண்டு சாக்குப் பறித்து, நீல டிரம்மில் போட்டு, மேலே செங்கல் வைத்து அமுக்கிவிட்டு வந்தேன். அவுரியும் கொளுஞ்சியும் பூ இல்லாதபோது அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். நான் கல்லூரியில் அவுரியை அட்டையில் ஒட்டிய காய்ந்த இலையாகத்தான் பார்த்திருந்தேன்.

மறுநாள் முப்பது பெண்களும் முறை வைத்து அடித்தார்கள். அரை மணி நேரம், முக்கால் மணி நேரம். நுரை மஞ்சளும் பழுப்புமாகவே இருந்தது. அக்கா சாக்கின் அடியில் மிச்சமிருந்த ஒரு கொத்தை எடுத்தார். ஒரு இலையை நுனியைப் பிடித்து இழுத்தார். அது நேராகக் கிழியாமல் அம்பு முனை மாதிரி கிழிந்தது. கொளுஞ்சி அப்படித்தான் கிழியும். கிழிந்த இலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"அய்யய்யோ... தம்பி! அவுர ஊற வச்சிட்டியே!"

அதைப் பறிச்சிடாத என்று சொன்னாராம். எனக்குக் கேட்டது பறிச்சி மட்டும்தான்.

ஜன்னலில் தலை தெரிந்தது. "என்னையவா?" என்றபடி அவர் உள்ளே வந்து டிரம்முக்குள் எட்டிப் பார்த்தார். மூக்கைப் பிடித்துக்கொண்டார். "நான் இவ்ளோ நாத்தமாவா இருக்கேன்?"

பெண்கள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். நிறுவனத்தை நடத்துகிற மேடம் கோபமாக வந்து யார் வேலை இது என்று கேட்டபோது, நான் உடனே முன்னால் போய், "என் தப்புதான் மேடம்" என்றேன். அதைச் சொல்வதில் எனக்கு ஒரு கஷ்டமும் இருக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் இந்தக் குழப்பம் இனி வேண்டாம் என்று அந்தச் செடியின் தாவரவியல் பெயரை அக்காவுக்குச் சொல்லிக்கொடுத்தேன். டெப்ரோசியா. இரண்டு நாள் சொல்லிப் பார்த்தார். பிடித்துப்போயிற்று.

"இங்கிலீசுல சொன்னா பரவால்லியா தம்பி? ஆயுசு கொறையாதே?"

"இது இங்கிலீஷ் இல்லக்கா. லத்தீன்."

"அப்ப இன்னும் நல்லதாப் போச்சு. எமனுக்குத் தெரியாது."

அதிலிருந்து குப்பைமேனி, துத்தி, நாயுருவி என்று வந்துகொண்டிருந்த வரிசையில் திடீரென்று "டெப்ரோசியா" என்று கணீரென்று ஒரு குரல் எழும். பெண்கள் திருதிருவென்று விழிப்பார்கள். ஜன்னல் பக்கமிருந்து, "என்னாடி இது, எனக்கு வெள்ளக்காரன் பேரு வச்சிட்ட?" என்று கேட்கும்.

நான் இதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. ஒருமுறை கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் பஸ்ஸில் போகும்போது அக்காவிடம் வாதாடினேன். இதெல்லாம் மூடநம்பிக்கை என்றேன். என் அம்மாவும் இப்படித்தான் இருந்தார், பேங்க்கில் கணக்குத் தொடங்கும்போது நான்தான் வற்புறுத்தி அப்பா பேரைச் சொல்ல வைத்தேன், அப்பா இன்றைக்கும் கல்லு மாதிரி இருக்கிறார் என்றேன். பாடம் நடத்துகிற நீங்களே இப்படிச் செய்யலாமா, வருகிற பெண்களுக்கு நாம் என்ன சொல்லிக்கொடுக்கிறோம் என்று கேட்டேன்.

அக்கா மடியிலிருந்த செடிக்கட்டை அணைத்துப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பரங்கிப்பேட்டைத் திருப்பம் தாண்டியதும் சொன்னார்.

"எனக்குத் தெரியாதா தம்பி? பேரச் சொல்றவளுவோ புருசனெல்லாம் நல்லாத்தான் இருக்கானுவோ. எங்க ஊரு டீச்சரு வாய்க்கு வாய் பேரச் சொல்லுது, அந்தாளு குண்டாத்தான் ஆவறாரு."

"அப்புறம் என்னக்கா?"

"தெனம் ஒரு தடவையாவது நாக்கு நுனிக்கு வருது. நிறுத்திக்கறேன். நிறுத்தறப்ப அவுரு ஞாபகம் வருது. அவுரு சாப்புட்டாரா, டிராக்டர மெதுவா ஓட்டுவாரான்னு. அவுருக்குன்னு நான் வேற என்னாத்தக் குடுத்துட்டேன், சொல்லு. புள்ளயும் குடுக்கல. இத ஒண்ணு குடுக்கறேன். இவ்ளோ நாளு வச்சிக் காப்பாத்திட்டேன். எதுக்கு ஒடைக்கணும்?"

நான் ஒப்புக்கொள்ளவில்லை. இன்னும் கொஞ்சம் பேசினால் மாற்றிவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் அடித்தது. அக்காவின் ஊர்ப் பக்கமெல்லாம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்தன. கரண்ட் இல்லை. தை டிரெய்னிங்கைத் தள்ளிவைத்துவிட்டு நாங்கள் அரிசியும் தார்ப்பாயும் கொடுத்துக்கொண்டிருந்தோம். ஒரு காலை அக்காவிடமிருந்து போன் வந்தது. ரோட்டில் விழுந்து கிடந்த பலா மரத்தை வெட்டி அப்புறப்படுத்தும்போது, வளைந்து அமுங்கியிருந்த கிளை ஒன்று வெட்டுப்பட்டதும் எகிறி அக்காவின் வீட்டுக்காரர் தலையில் அடித்துவிட்டது.

"சிதம்பரத்துல ஆஸ்பத்திரியில இருக்கோம். அவுங்க இங்கிலீசுலயே எழுதறாங்க. நீ படிச்ச புள்ள, கொஞ்சம் வர்றியா தம்பி?"

போனேன். பெரிய டாக்டர் என்னை அக்காவின் தம்பி என்று நினைத்துக்கொண்டார். தனியாகக் கூப்பிட்டு, மூளையில் ரத்தம் நிறையக் கட்டியிருக்கிறது, ஆபரேஷன் தாங்குகிற நிலையில் இல்லை, பெரிதாக நம்பிக்கை வேண்டாம் என்றார். நான் வெளியே வந்து, "பாத்துக்கிட்டிருக்காங்கக்கா" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் பதினோரு மணிக்கு இரண்டு பேர் உள்ளே வரலாம் என்றார்கள். அக்காவும் நானும் போனோம். அக்காவின் மாமியார் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டார். கட்டிலில் கிடந்தவருக்குத் தலை முழுக்கக் கட்டு. மூக்கில் குழாய். புருவத்துத் தழும்பு கட்டுக்குள் மறைந்துபோயிருந்தது. நர்ஸ் சின்ன வயசுப் பெண், நல்ல மாதிரி.

"கூப்புடுங்கம்மா. கண்ணத் தெறக்கறாரான்னு பாக்கலாம்."

அக்கா குனிந்தார். "மாமா." கொஞ்சம் பொறுத்து மறுபடியும், "மாமா, நாந்தான். தம்பியும் வந்துருக்குது பாரு."

ஒன்றும் இல்லை.

"பேரச் சொல்லிக் கூப்புடுங்க" என்றாள் நர்ஸ். "மயக்கத்துல இருக்கறவங்களுக்குப் பேருதான் சட்டுன்னு கேக்கும்."

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நீ சொல் என்று கேட்கிற பார்வை. நான் சொல்லியிருக்கலாம். "அண்ணே" என்றோ, "கொளஞ்சியண்ணே" என்றோ கூப்பிட எனக்கு என்ன தடை? நான் சொன்னது வேறு.

"நீங்கதான்க்கா சொல்லணும். ஒங்க கொரலுதான் அவருக்குத் தெரியும். இந்த நேரத்துலயும் அந்த மூடநம்பிக்கையைப் பாக்காதீங்க. சொல்லுங்க."

அக்கா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். உதடு இரண்டு தடவை திறந்து மூடியது. எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளை மாதிரி மெல்ல வந்தது.

"கொ... ளஞ்சி."

"இன்னும் கொஞ்சம் சத்தமா" என்றாள் நர்ஸ்.

"கொளஞ்சி."

மூன்றாவது தடவை யாரும் சொல்லச் சொல்லாமலே, காதோடு வாய் வைத்துச் சொன்னார். அவருடைய வலது கால் கட்டைவிரல் லேசாக அசைந்த மாதிரி இருந்தது. நர்ஸ் அதைக் குறித்துக்கொண்டாள். அது தானாகவும் அசையும் என்று டாக்டர் பிறகு என்னிடம் சொன்னார். ஆனால் அக்கா அதைப் பார்த்துவிட்டார். வெளியே வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். முகம் அப்படியொரு வெளிச்சமாக இருந்தது.

"கேட்டுதுல்ல தம்பி? அவுருக்குக் கேட்டுது."

"கேட்டுதுக்கா" என்றேன்.

கதவுக்கு வெளியே நின்றிருந்த அந்த அம்மா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கண்ணாடி வழியாக அவருக்குக் கேட்டிருக்காது. ஆனால் மருமகளின் உதடு தெரிந்திருக்கும்.

மறுநாள் மதியம் அவர் இறந்துபோனார்.

வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். நான் பின்னால், பந்தல் காலுக்குப் பக்கத்தில் நின்றேன். பெண்கள் கட்டிப் பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள். திடீரென்று அந்த அம்மாவின் குரல் எல்லாக் குரலுக்கும் மேலே போனது. "பேரச் சொல்லியே அனுப்பிட்டாளே! இத்தினி வருசம் சொல்லாதவ, எம்புள்ள படுத்துக் கெடக்கறப்ப சொல்லி அனுப்பிட்டாளே!" அழுதுகொண்டிருந்தவர்கள் ஒரு நொடி நிறுத்தினார்கள். பிறகு மறுபடி அழுதார்கள். ஆனால் அக்காவைச் சுற்றியிருந்த கைகள் ஒவ்வொன்றாக விலகியதைப் பார்த்தேன். அக்கா தலையைத் தூக்கவே இல்லை.

அந்த இடத்தில் நாலு அடி எடுத்து வைத்து, நான்தான் சொல்லச் சொன்னேன், அதற்கு முன்னாலேயே டாக்டர் கைவிட்டுவிட்டார் என்று சொல்லியிருக்க வேண்டும். துக்க வீட்டில் வேற்றாள் பேசக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்று மணி பஸ்ஸில் கடலூர் திரும்பினேன்.

தள்ளிவைத்த டிரெய்னிங்கை மாசியில் நடத்தினோம். அக்கா வரவில்லை. செடி மேசையை நானே நடத்தினேன். ஐம்பது செடிக்கும் பேர் சொன்னேன். எங்கேயும் நிற்கவில்லை. பெண்களும் ஐம்பதையும் திருப்பிச் சொன்னார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. சீக்கிரமே முடிந்துவிட்டது.

ஆடிக்கு எப்படியாவது கூட்டி வா என்று மேடம் என்னை அனுப்பினார். அக்கா வீட்டுக் கூரைக்குப் புது ஷீட் போட்டிருந்தார்கள். வாசலில் அந்த அம்மா முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார். கொட்டைப் பால் பட்டு விரலெல்லாம் கருத்திருந்தது. என்னைப் பார்த்ததும் உட்காரச் சொன்னார். அக்கா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றார். மெலிந்திருந்தார்.

ஆடி டிரெய்னிங் பற்றிச் சொன்னேன். எல்லோரும் கேட்கிறார்கள் என்றேன். அக்கா மாமியாரைப் பார்த்தார்.

"போவட்டும். நான் என்னா புடிச்சா வச்சிருக்கேன்?" என்றார் அந்த அம்மா. சுத்தியல் நின்றது. "தம்பி, ஒண்ணு கேக்கறேன். நீ படிச்ச புள்ள, பொய் சொல்லமாட்ட. அன்னைக்கு நீயும் உள்ள நின்னியே."

"ஆமாம்மா."

"இவகிட்ட நான் ஆறு மாசமா பேசறதில்ல. ஒரே வூட்டுல இருந்துக்கினு, ஒலைய வச்சிட்டு நான் எந்திரிச்சிப் போவேன், இவ வந்து எறக்குவா. எனக்கு ஒண்ணுதான் தெரியணும். யாராவது சொல்லச் சொல்லி இவ சொன்னாளா? இல்ல, இவளாச் சொன்னாளா? யாராவது சொல்லச் சொல்லியிருந்தா எம்மனசு ஆறிப்போவும். இவ என்னா பண்ணுவா பாவம்னு வுட்டுடுவேன்."

அவர் சண்டைக்குக் கேட்கவில்லை. கெஞ்சுகிற மாதிரி கேட்டார். ஒரு வார்த்தையில் முடிகிற விஷயம். நான் சொம்பைக் கீழே வைத்தேன். வாயைத் திறந்தேன். ஒரு மூச்சு இழுக்கிற நேரம் தாமதித்துவிட்டேன்.

"நானாத்தான் அத்த சொன்னேன்" என்றார் அக்கா. "யாரும் சொல்லல. எனக்குச் சொல்லணும்னு இருந்துது. சொன்னேன்."

அந்த அம்மா கொஞ்ச நேரம் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து அடுத்த கொட்டையை எடுத்தார்.

அப்போதும் நான் சொல்லியிருக்கலாம். அக்கா என் பக்கம் திரும்பினார். முகத்தில் கோபம் இல்லை. ஒன்றுமே இல்லை.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு பாரு தம்பி. கெளம்பு."

எழுந்து வந்துவிட்டேன். அடுத்த பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அந்த ஒரு மணி நேரமும் பஸ் நிறுத்தத்துச் சிமெண்டுப் பலகையில் உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து பார்த்தால் அந்த வாசல் தெரியும். சுத்தியல் சத்தம்கூடக் கேட்டது.